சேர்பியருக்கு நான் கொண்டுபோன கடிதம்

வெள்ளைக்காரர் ஒருவர் பச்சை மிளகாயைக் கடித்துக் கடித்துப் பாண் தின்பதை முதன்முதலில் நான் கண்டது, எண்பதுகளின் கடைசியில், கிழக்கு லண்டன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் ஒன்றின் கன்டீனில். பெயர் ஸ்லாவ்கோ. யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த சேர்பியர். பெல்கிரேட்டில் உதைபந்தாட்டக்காரராக இருந்து, முழங்கால் முறிந்தபின், எங்களைப் போலவே அழுக்குப் படுக்கைவிரிப்புகளிடம் வந்து சேர்ந்தவர்.

அப்போது மனோர் பார்க்கில் எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு உதைபந்தாட்டக் கழகம் நடத்தினோம். ஆட்டக்காரர் பதினொரு பேர், நிர்வாகசபையில் பதினேழு பேர். நான் செயலாளர். தமிழ்க் கழகங்களின் கோடைகாலப் போட்டியில் முதல் ஆட்டத்தோடு வீடு திரும்புவது எங்கள் வழக்கம். ஊரில் எங்களை வெல்ல ஆளிருக்கவில்லை என்று பெருமையடிப்போம். அங்கே பக்கத்து ஊரோடு மட்டும்தான் விளையாடினோம் என்பதை விட்டுவிடுவோம். ஸ்லாவ்கோவிடம் பயிற்சி தரக் கேட்டேன். சம்மதித்தார். முதல்நாள் ஒன்பது மணிக்கு அவர் மைதானத்தில் நின்றார். ஆட்கள் பத்தரைக்கு வந்தார்கள்.

"உங்கள் நாட்டில் ஒன்பது மணி என்றால் எத்தனை மணி?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒன்பதுதான். ஆட்கள்தான் பிறகு வருவார்கள்" என்றேன். நான் பகிடி விடுவதாக நினைத்துவிட்டார்.

இரண்டாம் கோடையில் கிண்ணம் எங்களுக்கு. ஸ்லாவ்கோ 'சிவா அண்ணை' ஆனார். பொன்னாடை போர்த்தினோம். பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்குகளில் முன்வரிசையில் இருத்தினோம். அவர் பணப்பையில் ஒரு பழைய பத்திரிகைத் துண்டு இருந்தது. அந்த எழுத்தை எங்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாததால், அவர் யூகோஸ்லாவிய தேசிய அணியின் நட்சத்திரம் என்று தலைவர் மேடையில் அறிவித்துவிட்டார். உண்மையில் அது அவர் கால் முறிந்த செய்தி. அவர் எனக்கு மட்டும் சொன்னார்.

பிறகு அவருடைய நாடு உடைந்தது. சேர்பியரும் குரோவேஷியரும் சண்டையிட, தொலைக்காட்சியில் தினமும் எரியும் வீடுகள். எங்கள் நிர்வாகசபை அவசரமாகக் கூடியது.

"செயலாளர், நீரே யோசியும்" என்றார் தலைவர். "சேர்பியர் அங்கை பெரும்பான்மை. ஊரிலை பெரும்பான்மையாலை நாங்கள் பட்டது காணாதே? சனம் என்ன கதைக்கும்?"

"அண்ணை, அவர் என்னோடை துணி தோய்க்கிற மனுசன்."

"அது எனக்கும் தெரியும். அவரை நிப்பாட்டுற கடிதத்தை நல்ல இங்கிலீசிலை எழுதும்."

எழுதினேன். கன்டீனில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸ்லாவ்கோ இரண்டு தரம் வாசித்தார்.

"என் மனைவி குரோவேஷியப் பெண்" என்றார். "வீட்டிலும் தினமும் இந்த விசாரணைதான். அவள் கடிதம் தருவதில்லை." பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார். "'மனம் வருந்துகிறோம்.' யார் வருந்துவது?"

"கமிட்டி."

"நீ?"

"நான் செயலாளர்."

அவர் சிரித்தார். அகதியாக வந்து இந்த நகரத்தில் எத்தனையோ கவுண்டர்களுக்கு முன்னால் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு முன்னால் நின்றதுபோல் ஒருநாளும் கூசி நின்றதில்லை.

அந்தப் பக்கத்து ஊராருக்கும் லண்டனில் ஒரு கழகம் இருந்தது; அதற்குக் கொள்கைச் சிக்கல் ஏதும் இருக்கவில்லை. எங்களிடம் தோற்றது ஒன்றுதான் அவர்கள் சிக்கல். மறுவாரமே அவரைக் கூட்டிப்போனார்கள். அடுத்த கோடையில் இறுதியாட்டம் அவர்களுக்கும் எங்களுக்கும். அவர்கள் முதல் கோலைப் போட்டபோது என் கைகள் தாமாகத் தட்டிவிட்டன. தலைவர் திரும்பிப் பார்த்தார். கைகளைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இரண்டாவதும் விழுந்தது, தோல்வி உறுதியாயிற்று. கடைசி நிமிடத்தில், இடதுகால் இருப்பதையே மறந்து விளையாடும் எங்கள் ரவி, ஸ்லாவ்கோ இரண்டு வருடம் கத்திப் பழக்கிய அதே இடதுகாலால் ஒன்றை அடித்தான். வலை குலுங்கியது.

மைதானத்தின் எதிர்ப்பக்க எல்லைக்கோட்டில், நெஞ்சில் பக்கத்து ஊரின் பெயர் எழுதிய சட்டையோடு, ஸ்லாவ்கோ இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்திவிட்டார். அருகில் நின்றவர்கள் பார்க்கிறார்கள் என்பது தெரிந்தபின்னும், அவற்றைக் கீழே இறக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.