எரிக்காமல் வைத்த சேலை

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. நெமிலிச்சேரியில் நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்து, பருத்திப்பட்டு ஏரிக்கரை வீட்டில் கண்மூடினார். கடைக்குட்டி நான். அம்மா வேலைக்குப் போக வேண்டியிருந்ததால், தம்முடைய பத்து வயதில் என்னைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போனவர் அவர். படிப்பு எட்டாவதோடு நின்றது. அம்பத்தூரில் தையல் கம்பெனிக்குப் போய் எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களை டீ கொடுத்து அனுப்பிவிடுவார். கோபக்காரர் என்று பெயர். அந்தக் கோபம் சோறு போடும் நேரம்வரைகூட நிற்காது.

என் மகள் யாழினி மாதம் நிறையாமல் ஒன்றரைக் கிலோவில் பிறந்தாள். அவளைத் தொடவே எனக்குப் பயம். "இன்னாடி, பெத்துட்டு அழுதுகினு கீற? இப்டி குடு" என்று வாங்கி, தம்முடைய பழைய நீலப் பருத்திச் சேலையால் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். பச்சைக் குழந்தைக்குப் பழந்துணிதான் எங்கள் வழக்கம். முகம் மூடக் கூடாது, முகவாய் மார்பில் மடங்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லித் தந்ததை ஒரு நாளும் அவர் மறக்கவில்லை. அந்தச் சூட்டில் குழந்தை அழுகையை விட்டாள், பாலைத் தேடிக் குடித்தாள், எடையும் ஏறியது. அக்காவுக்கோ இரண்டு கையும் சும்மா இருந்ததால், கீரை ஆய்ந்தபடியே அவளோடு ஊர்க்கதை பேசுவார். என் மகள் பிழைத்தது அந்தச் சேலைக்குள்தான்.

பிறந்த எட்டாம் மாதத்தில், சேலைக்குள் இருந்தபடியே அக்காவின் மார்பில் தட்டத் தொடங்கினாள். இரண்டு தட்டு, சற்று நிறுத்தம், பிறகு அவசரமாக ஒன்று. எப்போதும் அதே கணக்குத்தான்.

"தாளம் போடறா பாரு, கச்சேரிக்கு அனுப்சிடலாம்" என்று அக்கா சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

அடுத்த மாதம் ஒரு பிற்பகலில், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இதயம் சில காலமாகவே துடிப்பைத் தவறவிட்டிருக்கும் என்றார் மருத்துவர். எப்படி என்று மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். இரண்டு தட்டு, நிறுத்தம், அவசரமாக ஒன்று. குழந்தை ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேடிக்கை பார்த்த பாவம் என்னுடையது.

போனவர் புழங்கிய துணி சிதையோடு போக வேண்டும் என்பது எங்கள் குடும்ப வழக்கம். "அந்த நீலச் சேல எங்கமே? செத்தவங்க துணிய கொழந்த மேல சுத்தாத, இட்டுகினு பூடும்" என்று அத்தை அதட்டினார். நான் வேறொரு நீலச் சேலையை எடுத்துக் கொடுத்தேன். இன்றுதான் இதை ஒப்புக்கொள்கிறேன். அத்தை பொறுத்தருள வேண்டும்.

மூன்று நாள் ஓயாமல் அழுத குழந்தை, அந்தச் சேலையில் என் மார்போடு கட்டியதும் அடங்கினாள். பிறகு என்னைத் தட்டினாள். இரண்டு தட்டு, நிறுத்தம், அவசரமாக ஒன்று. பயந்துபோய் என் இதயத்தைச் சோதித்துக்கொண்டேன். ஒரு குறையும் இல்லை என்றார்கள். வேறு துணியில் கட்டினால் அவள் தட்டுவதே இல்லை. துவைத்து நிழலில் உலர்த்தினாலும், சேலையின் நடுப்பகுதி மட்டும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. முதலில் அதைத் தொடவே நடுங்கினேன். இப்போது கன்னத்தில் வைத்துக்கொள்கிறேன்.

அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடிய எதிர்வீட்டுத் தம்பிக்கும், பத்து நாளும் எங்களுக்குச் சமைத்துப் போட்ட கம்பெனித் தோழியருக்கும், சுடுகாடுவரை உடன் வந்த அனைவருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி. ஓராண்டுப் படையலுக்கு அவசியம் வாருங்கள். சேலையை எரிக்கச் சொல்லாதீர்கள், கொடுக்க மாட்டேன். வேண்டுமானால் யாழினியை அதில் உங்கள் மார்போடு கட்டிவிடுகிறேன். அவள் தட்டும்போது நடுவில் நிறுத்தம் வரும். பயப்படாமல் நில்லுங்கள், அடுத்த தட்டு வந்துவிடும்.