கொண்டை ஊசிக்காரரின் கப்பல் பயணம்

கொண்டை ஊசிக்காரர் என்றால்தான் ஊரில் அவரைத் தெரியும். மலைப்பாதை பஸ் டிரைவர். எப்பேர்ப்பட்ட கொண்டை ஊசி வளைவிலும் ஒரு கையால் ஸ்டீரிங்கை ஒடித்துக்கொண்டே மறு கையால் மீசையைத் தடவுகிற ஆள். வேலையில் கெட்டிக்காரர்தான், வாய்தான் நீளம். யாராவது ஜன்னல் வழியே வாந்தி எடுத்துவிட்டால் போதும், அடுத்த நிறுத்தத்தில் வண்டியை ஓரங்கட்டி வாளியைக் கையில் கொடுத்துவிடுவார்.

"உங்க வயித்துச் சரக்கு, நீங்களே கழுவுங்க."

பஸ்ஸே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே அவர் அதைச் சொல்வார்.

ஒருமுறை அந்த வாளியை வாங்க நேர்ந்தது அவருடைய மனைவியின் அக்காவுக்கு. அண்ணி முறையாயிற்றே என்றுகூட மனுஷன் பார்க்கவில்லை. அவளும் தலை நிமிராமல் கழுவிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவர் ஓட்டுகிற வண்டியில் அவள் காலே வைக்கவில்லை.

அவர் ஓய்வு பெற்றதும் மனைவி வாய்விட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். அக்காவோடு சேர்ந்து கப்பலில் ஒரு சுற்றுலா போக வேண்டும். பாவாடை கட்டின வயதிலிருந்து இருவருக்கும் இருந்த ஆசை அது. மூவருமாக டிக்கெட் பதிவு செய்யப் போனார்கள். அங்கிருந்த பெண் நல்லவள், உள்ளதைச் சொன்னாள்.

"இப்ப காத்து ஜாஸ்தி சார். அலையும் பெருசா இருக்கும். ரெண்டு மாசம் தள்ளிப் போனீங்கன்னா கடல் குளம் மாதிரி கிடக்கும்."

அக்காவின் முகம் மலர்ந்தது. "அப்பவே போலாமே மாப்பிள்ளை."

நம்மவர் சும்மா இருப்பாரா? "மலையவே ஒரு கை பாத்தவன் நான். அலை என்ன பண்ணிடும்? இந்த மாசமே போடும்மா. வாந்தி எடுக்கிறவங்க வேணா வீட்டுல இருக்கட்டும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க." அவர் அந்த மாதத்துக்கே இரண்டு டிக்கெட் போட்டார்.

கரை கண்ணுக்கு மறைந்ததுமே கப்பல் ஆடத் தொடங்கியது. மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத்தான் குடலைப் புரட்டியது. முதல் தடவை குளியலறைவரை ஓடினார். அடுத்த தடவை கட்டிலைவிட்டு இறங்கக்கூட முடியவில்லை, தரைவிரிப்பு நாறிப்போனது. மனைவி அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா ஸ்டீரிங் உங்க கையில இருந்துச்சு. அதான் பஸ்ஸுல உங்களுக்கு ஒண்ணும் ஆகல" என்றாள்.

குத்திக்காட்டவில்லை, மனதில் பட்டதைச் சொன்னாள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அறையைச் சுத்தம் செய்கிறவர் வந்தார். இவர் வயதுதான் இருக்கும். மண்டியிட்டு, முகம் சுளிக்காமல் துடைத்தார். "நான் கழுவிடறேங்க" என்று இவர் எழப் பார்த்தார்.

"படுங்க சார். இந்த மாசத்துல எல்லாருக்கும் வர்றதுதான்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் அண்ணி குனிந்து கழுவிக்கொண்டிருந்தாள்.

பயண நாள்களெல்லாம் அப்படியே கழிந்தன. மனைவி மேல்தளத்துக்கு ஏறவேயில்லை.

திரும்பியதும் நேரே அக்கா வீட்டுக்குப் போனார்கள். "கடல் எப்படிடி இருந்துச்சு?" என்று ஆசையாகக் கேட்டாள் அக்கா.

"ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா." மனைவி அவரை விட்டுக்கொடுக்கவில்லை.

"நான்தான் பயந்தாங்கொள்ளி. என்னால உன் ஆசை பாதியாப் போச்சு" என்றாள் அக்கா.

வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் தப்பியிருக்கும். அவரால் முடியவில்லை. "இல்ல அண்ணி. இவ கடலையே பாக்கல. ஏறினதுல இருந்து நான் வாந்தி எடுத்துட்டுக் கிடந்தேன், இவ என்னைப் பாத்துக்கிட்டா. அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி உங்கள கழுவ வெச்சேனே... பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க."

சிரிப்பாள் என்று நினைத்தார். சிரித்துத் தொலைத்திருந்தாலும் தேவலை. அக்கா தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"நாம ரெண்டு பேர் மட்டும் இன்னொரு தடவ போவோம்டி. நல்ல மாசமா பாத்து."

குரலில் கோபமே இல்லை. எதற்கும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டே பதில் சொல்கிற மனைவி அன்றைக்குப் பார்க்கவில்லை.

"எந்த மாசம்க்கா?" என்றாள்.