பேதுரு பாஸ் வாசித்த இத்தாலித் தாள்

1. முதல் நாள்

மாங்குளத்தில் டிராக்டர் திருத்தும் கராஜ் ஒன்றில் நான் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்த அன்று, தலைமை மெக்கானிக் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இஞ்ச நான் உனக்கு அப்பா இல்லை, பிள்ளை. பாஸ். கேட்ட சாமானைக் கேட்ட உடன தா."

அவர் என் அப்பாதான். இத்தாலிக்காரர். பெயர் பியெத்ரோ, ஊருக்குப் பேதுரு பாஸ். முதலாம் உலகப் போரில் இத்தாலிப் படையில் இருந்தவர். பிறகு கப்பலில் என்ஜின் வேலைக்குச் சேர்ந்து திருகோணமலையில் இறங்கியவர், திரும்பக் கப்பல் ஏறவில்லை. காரணம் முல்லைத்தீவில் மீன் கருவாடு போட்டுக்கொண்டிருந்தது. பின்னாளில் எனக்கு அம்மாவானது.

முதல் போரில் இங்கிலீஷ்காரனின் பக்கம் நின்றவரை, இரண்டாவது போர் வந்ததும் அதே இங்கிலீஷ்காரன் எதிரி நாட்டவன் என்று பிடித்து அடைத்தான். "ரெண்டு பக்கத்திலயும் சாப்பாடு ஒரே மோசம்" என்பார் அப்பா.

தமிழை அவர் மைத்துனர்மாரோடு கரைவலை இழுத்துப் படித்தார். அதனால் கோயிலில் சொல்லக்கூடாத சொற்கள்தான் முதலில் வந்து சேர்ந்தன.

இடது காலை இழுத்து நடப்பார். வயல் உழும் துணுக்காய்க் கமக்காரர் கேட்டால் அது துப்பாக்கிச் சூடு. முல்லைத்தீவு வியாபாரி கேட்டால் பீரங்கிக் குண்டு. பாதிரியார் கேட்டபோது, எரிகிற தேவாலயத்துக்குள் ஓடிப்போய்ப் பட்ட காயம். நான் துப்பாக்கியை நம்பியிருந்தேன்.

2. கச்சேரியில்

அறுபதுகளின் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டவர் தொடர்ந்து தங்க அனுமதி வேண்டுமாம். பத்திரங்களோடு வவுனியாக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், விசாரணைக்கு வர வேண்டுமாம். அனுமதி இல்லையென்றால் நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான். அன்று அம்மா அடுப்பு மூட்டக் குசினிப் பக்கமே போகவில்லை.

அப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு பத்திரம். படையிலிருந்து அவரை விடுவித்த தாள். முழுக்க இத்தாலி பாஷை.

விசாரணை அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை ஆர் வாசிக்கிறது?"

"நான்தான் ஐயா. வேற ஆர் இருக்கினம்?"

நான் பக்கத்தில் நின்றேன். இப்போது தன்னைத் தளபதியாக்கிவிடுவார், அதிகாரி சந்தேகப்படுவார், கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டு, வரிவரியாக விரலை வைத்து வாசித்தார்: "பெயர் பியெத்ரோ. வேலை, மலையில கோவேறு கழுதை பராமரிக்கிறது. சண்டையில ஒருத்தரையும் சுடேல்லை. கழுதை உதைச்சு இடது கால் முறிஞ்சுது. வீட்டுக்கு அனுப்பியாச்சு."

வாசலில் நின்ற பியோன் வாயைப் பொத்திக்கொண்டான். அதிகாரி சிரிக்கவில்லை.

"நீர் உண்மையைத்தான் வாசிக்கிறீர் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"பொய் வாசிக்கிறதெண்டால், ஐயா, கழுதையிட்டையோ உதை வாங்குவன்?"

அதிகாரி பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு அதே பேனையை எடுத்துச் சிபாரிசு எழுதினார். சில மாதங்களில் அனுமதி வந்தது.

திரும்பி வந்த ரயிலில் எனக்குக் கோபம். "எனக்கும்தானே பொய் சொன்னனீங்கள்?"

"கியர்பொக்ஸ் கழட்ட மூண்டு மணித்தியாலம் பிடிக்கும், பிள்ளை. டிராக்டர் கொண்டு வந்த மனுசன் வெயிலுக்க குந்திக்கொண்டு இருக்கிறார். கழுதைக் கதை ரெண்டு நிமிசத்தில முடிஞ்சுபோம். மிச்ச நேரத்துக்கு என்னத்தைச் சொல்லுறது? என்ஜினைப் பற்றி ஆருக்கும் பொய் சொன்னனானோ?"

சொன்னதில்லை. அவர் "சரிவராது" என்ற என்ஜின் ஒருநாளும் சரிவந்ததில்லை. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்தார். இரண்டு தரமும் அது பைக்கு வெளியே போனது. நான் வாங்கி வைத்துவிட்டேன்.

3. படித்தது

பிற்காலத்தில் அந்தக் கராஜுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பும் என்னிடம் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் சான்றிதழ்களை நீட்டினார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: "உங்களுக்குத் தெரியாத வேலை எது?"

தயங்காமல் பதில் சொன்னவர்களை எடுத்தேன். அவர்களில் ஒருவரும் கியர்பொக்ஸை உடைத்ததில்லை. உடைத்தவர்கள் எல்லோரும் முதலாளி தானே சேர்த்துவிட்ட சொந்தக்காரர்கள். அவர்களுக்குத் தெரியாத வேலையே கிடையாது.