அமோர்கோஸுக்குப் போகாத மத்தூலா

கிரீஸில் கார்திட்சா என்ற ஊரின் ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறாள் மத்தூலா. காலை ஐந்தே முக்காலுக்குச் சைக்கிளில் போய் இறங்கிவிடுவாள். நூற்று நாற்பது பேருக்குச் சூப். அதில் பாதிப் பேருக்கு உப்பில்லாமல். ஐம்பத்தாறு வயது, அகலமான தோள், உரத்த குரல். அடுப்பிலிருந்து அண்டாவை இறக்க யாரையும் கூப்பிட மாட்டாள். அவள் கணவன் வாயோஸ் நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பார்ப்பவன். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் காபி கிடைக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

கல்யாணமாகி முப்பது வருடத்தில் இருவரும் சேர்ந்து வெளியூர் போய்த் தங்கியது இரண்டே முறை. இரண்டு முறையும் ஏதென்ஸ், இரண்டு முறையும் ஆஸ்பத்திரி. முதலில் வாயோஸுக்கு முதுகில் ஆபரேஷன். அடுத்தது மத்தூலாவின் அம்மா. பத்தொன்பது ராத்திரி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். இருபதாம் நாள் அம்மாவை அடக்கம் செய்ய ஊருக்குக் கொண்டுவந்தாள். அதோடு ஏதென்ஸ் என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

முப்பதாவது கல்யாண நாளுக்கு மகள் லாம்ப்ரினி, லாரிசாவில் குடியிருப்பவள், அமோர்கோஸ் தீவுக்குக் கப்பல் டிக்கெட்டும் நான்கு நாளைக்கு அறையும் எடுத்துக் கொடுத்தாள். மத்தூலா சமையலறை முழுக்கச் சொல்லிவிட்டாள். நீலத்தில் ஒரு நீச்சலுடையும் வாங்கினாள். பிறந்தது மலையில், பிளாஸ்திரா ஏரிக்கரையில். நடை பழகிய கையோடு நீந்தப் பழகியவள். ஆனால் வாக்கப்பட்டது பருத்திக்காட்டுச் சமவெளியில். கோடையில் மாதர் சங்கத்துப் பேருந்தில் கடற்கரைக்குப் போவாள். ஆசை தீர நீந்துவதற்குள் பேருந்துக்காரன் ஹாரன் அடித்துவிடுவான்.

செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம் இருவரும் பெட்டியோடு ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் போய் நின்றார்கள். கப்பல் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்கதவு மூடியிருந்தது. டிக்கெட் கூண்டுக்குள் இருந்த பெண் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"காத்து ஒம்பதாம் நம்பர், புயல் மாதிரி. எதுவும் போகாது."

"எப்ப விடுவாங்க?" என்றாள் மத்தூலா.

"காத்தைத்தான் கேக்கணும். நாளைக்கும் இல்ல. ஞாயித்துக்கிழமை பாக்கலாம்."

வாயோஸ் கையிலிருந்த பையைத் தரையில் போட்டான். "என்ன அநியாயம் இது. மனுஷன் முப்பது வருஷத்துல ஒரு தடவ கிளம்பினா இப்படியா," என்று சத்தம் போட்டான். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மத்தூலாவும் பார்த்தாள். நகராட்சி ஆறு மாதச் சம்பளத்தை நிறுத்தியபோதுகூட இவ்வளவு சத்தம் போடாத ஆள்.

லாம்ப்ரினி போன் செய்தாள். "அம்மா, சாயங்காலம் பஸ் இருக்கு. ஊருக்குத் திரும்பிடுங்க. டிக்கெட்ட நான் மாத்திக்கறேன்."

திரும்பினால் ராத்திரி வீடு. காலையில் பால்கனியில் துணி காயப்போடும்போது எதிர்வீட்டுக்காரி கேட்பாள். செவ்வாய்க்கிழமை சமையலறையில் பதினோரு பேர் கேட்பார்கள். மத்தூலா கடலைப் பார்த்தாள். கரையில் கட்டிய கப்பல்களுக்கு நடுவே தண்ணீர் கறுப்பாகக் கிடந்து ஆடியது.

"நாங்க வரலடி," என்றாள். "இங்கயே இருக்கோம்."

"ஏதென்ஸ்லயா? நீயா?"

"நான்தான். லீவு எடுத்தாச்சு. நாலு நாள் எனக்குச் சொந்தம்."

போனை வைத்த பிறகு அவளுக்கே கொஞ்சம் திகைப்பாக இருந்தது. வாயோஸ் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். அவன் முகம் திடீரென்று தெளிந்திருந்தது.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டலில் அறை கிடைத்தது. நடத்துகிறவள் தியோப்பிஸ்தி என்று எழுபது வயதுக்காரி. கறுப்பு உடை, காதில் பென்சில். சாவியைக் கொடுத்துவிட்டு, "காத்து அடைச்சுவச்ச ஜோடியா? மேல மூணு ரூம் உங்கள மாதிரிதான். எல்லாரும் ஜன்னல்ல நின்னு மரத்த பாத்துட்டிருக்காங்க. அசையுதா இல்லையான்னு," என்றாள். "நீங்களாவது வெளிய போங்க."

போனார்கள். அன்று சாயங்காலம் ஒரு சந்தில் இரும்பு மேசை போட்ட கடையில் உட்கார்ந்து பொரித்த நெத்திலியும், எலுமிச்சை பிழிந்த கீரையும், அரைக் குப்பி சிப்புரோ சாராயமும் வாங்கினார்கள். நெத்திலியைத் தலையோடு கடித்துத் தின்றாள் மத்தூலா. வேறு யாரோ சமைத்து, வேறு யாரோ தட்டு எடுத்துப் போகிறார்கள் என்பது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு தடவை எழுந்து தட்டுகளை அடுக்கப் போனவளை வாயோஸ் கையைப் பிடித்து உட்காரவைத்தான்.

சனிக்கிழமை தியோப்பிஸ்தி வழி சொன்னாள். "டிராம்ல ஏறி ஃபாலிரோவுல இறங்கு. காத்து வடக்கத்திக் காத்து. அங்க கரை மறைவா இருக்கும், குளம் மாதிரி." மத்தூலா உடைக்குள்ளேயே நீச்சலுடையைப் போட்டுக்கொண்டாள்.

ஃபாலிரோவில் கரையிலிருந்து பத்து மீட்டரில் ஆறேழு கிழவிகள் தண்ணீரில் வட்டமாக நின்றிருந்தார்கள். எல்லார் தலையிலும் தொப்பி, இருவருக்குக் கறுப்புக் கண்ணாடி. நீந்தவில்லை; நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார்கள். மத்தூலா துணியை வாயோஸிடம் கொடுத்துவிட்டு நேரே உள்ளே போனாள். முதலில் வெகுதூரம் நீந்திப் போய், மல்லாந்து படுத்து, திரும்பி வந்தாள். திரும்பும்போது வட்டம் அவளுக்காகக் கொஞ்சம் விலகியது.

"எந்த ஊரும்மா?" என்று மஞ்சள் தொப்பிக்காரி கேட்டாள்.

"கார்திட்சா."

"அங்க கடலே கிடையாதே."

"அதான் இங்க வந்தேன்."

சிரிப்பு. அப்புறம் பேச்சு குடைமிளகாய்க்குள் அரிசி அடைப்பதற்குப் போனது. அரிசியை முதலில் வதக்கணுமா வேண்டாமா என்று இரண்டு பேருக்குள் சண்டை. மத்தூலா நூற்று நாற்பது பேருக்கு அடைத்த கணக்கில் பேசினாள். கழுத்தளவு தண்ணீரில் நின்று அவள் சொன்னதும் சண்டை முடிந்தது.

"அது யாரு, கரையில உன் துணிய மடியில வச்சிட்டு உக்காந்திருக்கறது?" என்றாள் மஞ்சள் தொப்பி.

"என் வீட்டுக்காரர்."

"எங்க வீட்டு நாய்கூட இவ்வளவு ஒழுங்கா உக்காராது. ஏன், தண்ணிக்குள்ள வரமாட்டாராமா?"

ஒன்றரை மணி நேரம் கழித்து, விரல் நுனியெல்லாம் சுருங்கி, அவள் கரையேறினாள். வாயோஸ் துண்டை விரித்துப் பிடித்தான். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து மனதில் கிடந்ததைக் கேட்டாள்.

"வாயோஸ், நேத்து துறைமுகத்துல எதுக்கு அப்படிக் கத்தின?"

"கப்பல் போகலன்னா கத்த மாட்டாங்களா?"

"நீ கத்த மாட்ட. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் கடலைப் பார்த்தான். காலுறையைச் சரிசெய்தான். "எனக்குக் கப்பல்னா பயம். சந்தோஷம் வெளிய தெரியக்கூடாதுன்னுதான் கத்தினேன்," என்றான். "பட்டாளத்துல இருந்தப்ப லெம்னோஸ் தீவுக்குக் கப்பல்ல அனுப்புனாங்கல்ல. பதினாறு மணி நேரம். செத்துடுவேன்னு நெனச்சேன். அப்பலேர்ந்து."

"முப்பது வருஷமா எங்கிட்ட சொல்லல."

"எப்படிச் சொல்றது? நீ ஏரியில பொறந்த மாதிரி நீந்தற. உன் அண்ணன் தம்பியெல்லாம் நீந்தறாங்க." மடியிலிருந்த அவள் துணியை மடித்தான். "புதன்கிழமை கோயில்ல மெழுகுவத்தி ஒண்ணு ஏத்தினேன்."

"கப்பல் போகக்கூடாதுன்னா?"

"சேச்சே. அப்படியா வேண்டுவேன்? கொஞ்சம் காத்தடிச்சா நல்லதுன்னு. அவ்வளவுதான்."

மத்தூலாவுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வட்டமாக நின்ற தொப்பிகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பின. "ஒம்பது அடிக்குதுடா," என்று மூச்சு வாங்கினாள். "நாட்டுல உள்ள அத்தனை கப்பலையும் கட்டிப்போட்டுட்ட. சின்ன மெழுகுவத்தியா வாங்கியிருக்கக் கூடாதா?"

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே மரம் அசையவில்லை. தியோப்பிஸ்தி படியில் நின்றே சொன்னாள்: "விட்டாச்சு. சாயங்காலம் அஞ்சரைக்குக் கப்பல்." மேலே மூன்று அறைகளிலும் பெட்டி இழுக்கும் சத்தம் கேட்டது.

வாயோஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான். "வாந்திக்கு. ஒரு மணி நேரத்துக்கு முன்ன போட்டா போதும்னு மருந்துக்கடையில சொன்னான். போலாம் மத்தூலா. உனக்காக வரேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகம் ஏற்கெனவே கொஞ்சம் வெளுத்திருந்தது. மத்தூலா அவனையும் அட்டையையும் பார்த்தாள். இவன் உண்மையாகவே ஏறிவிடுவான், ராத்திரி முழுக்க ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருப்பான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுவே போதுமாக இருந்தது.

"விடிகாலையில போய் இறங்கி, அன்னைக்கே திரும்பறதுக்கா? எனக்கு வேலை இருக்கு. பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கா மஞ்சத் தொப்பி."

அன்றும் நீந்தினாள். மத்தியானம் தலை ஈரம் காயாமலே டிராம் நிறுத்தத்தில் நின்றபோது, "ஆஸ்பத்திரிப் பக்கம் போயிட்டு வரலாமா?" என்று கேட்டாள். எந்த ஆஸ்பத்திரி என்று வாயோஸ் கேட்கவில்லை.

மலைச்சரிவில் அந்தக் கட்டடம் அப்படியே இருந்தது. நான்காம் மாடியில் இடமிருந்து ஆறாவது ஜன்னல். கொஞ்ச நேரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பினாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் நாரத்தை மரங்கள் வைத்த ஒரு சதுக்கம் இருந்தது. நடுவில் ஊஞ்சல், ஓரத்தில் தேனூற்றிய உருண்டைப் பணியாரம் விற்கும் கடை. கடை வாசலில் நாற்பது வருடப் பழசு என்று சொல்லும் பெயர்ப்பலகை. பத்தொன்பது நாளும் இது இங்கேதான் இருந்திருக்கிறது. துணி துவைக்கப் போய்வரும்போது பேருந்திலிருந்து வாசல், வாசலிலிருந்து பேருந்து என்று குனிந்த தலையோடு நடந்தவள் கண்ணில் படவே இல்லை.

இரண்டு தட்டு வாங்கி உட்கார்ந்தார்கள். பாதி தின்றிருப்பார்கள். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், கையில் அழுக்குத்துணி திணித்த பிளாஸ்டிக் பை. பேருந்து நிறுத்தத்தைத் தேடுகிற மாதிரி தெருவில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எதையும் பார்க்காமல் நின்றுவிட்டாள். மத்தூலா தட்டை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

"எத்தனாவது நாள்?"

அந்தப் பெண் விழித்தாள். "எட்டு. அப்பாவுக்கு."

"எதாவது சாப்பிட்டியா?"

"காலையில ஒரு காபி."

"வா, அங்க உக்காரலாம். பஸ் அடுத்தது வரும். நாற்காலியில தூங்கறப்ப காலுக்குக் கீழ ஒரு பை வச்சுக்க, இல்லாட்டி வீங்கிடும். அப்புறம் சமையல்காரங்ககிட்ட நேரே போய்க் கேளு, எட்டு மணிக்கு மேல. மிச்சம் இருக்கும், குடுப்பாங்க. நான் அந்த வேலைதான் பாக்கறேன், எனக்குத் தெரியும்."

அந்தப் பெண் பெயர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. வந்தவள் ஏழு உருண்டை தின்றாள். வாயோஸ் கடைக்குள் போய் இன்னொரு தட்டு வாங்கிவந்து வைத்துவிட்டு ஊஞ்சல் பக்கமாகப் போய் நின்றுகொண்டான். மூன்றாவது பேருந்தில் அவளை ஏற்றிவிட்டார்கள்.

திங்கட்கிழமை மத்தியானப் பேருந்தில் ஊர் திரும்பும்போது வழியில் தீப்ஸ் ஊரைத் தாண்டுவதற்குள் மத்தூலா வாயோஸ் தோளில் தூங்கிப்போனாள். மறுநாள் ஐந்தே முக்காலுக்குச் சைக்கிளை நிறுத்தி உள்ளே போனதும் காய் நறுக்குகிற வாசிலிகி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அமோர்கோஸ் எப்படி இருந்துச்சு?"

"பாக்கல. கப்பல் போகல."

"அடப்பாவமே. அப்ப நாலு நாளும்?"

"ஏதென்ஸ்ல இருந்தோம்."

வாசிலிகிக்கு அம்மா சமாச்சாரம் தெரியும். ஆறுதலாகத் தோளைத் தொட்டாள். மத்தூலா கையைக் கழுவி, அண்டாவில் தண்ணீர் பிடிக்கத் தொடங்கினாள்.

"கடல்ல நீந்தி நல்லா கறுத்திருக்கேனா பாரு," என்றாள்.