டம்ளரில் வீங்கிய நூடில்ஸ்

நூடில்ஸ் தின்றால் வயிறு வெடித்துச் செத்துப்போவேன் என்று ஒன்பது வயதில் முழுமனதாக நம்பினேன். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன். வயிறு வீங்கியிருக்கிறது, வெடிக்கத்தான் இல்லை.

கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால், மேட்டில் எங்கள் வீடு. கந்தோரில் கிளார்க்காக இருந்த அப்பா, வரும்போதெல்லாம் பிள்ளைக்கென்று ஒரு நூடில்ஸ் பக்கட் வாங்கி வருவார். நான் நாலு வாய் தின்பேன். சாப்பாட்டை வீணாக்கக் கூடாது என்ற கொள்கையுடைய அப்பா, மிச்சத்தை உப்புத்தூள் கரைந்த குழம்போடு வழித்துச் சாப்பிடுவார். அவருக்குப் பிரஷர். உப்பைக் குறைக்கச் சொல்லி கிளினிக்கில் எச்சரித்திருந்தார்கள். அம்மா கறியில் குறைத்தார். பக்கட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், "அது புள்ளைக்குத்தானே வாங்குறேன்" என்பார் அப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கெலிஓயாவிலிருந்து மாமா வந்தார், அம்மாவின் தம்பி. ஒரு பக்கட்டை நொறுக்கி, டம்ளர் நிறையப் போட்டு வெந்நீர் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் அது வீங்கி, விளிம்பைத் தாண்டி மேசையில் சரிந்தது.

"பாத்தியா மருமகனே? டம்ளரு வழிய விட்டுருச்சு. ஒன் வயிறு மூடி போட்ட சாமான். எங்க போகும்?"

"வெடிச்சிருமா மாமா?"

"நான் ஒன்னும் சொல்லல. நீ படிக்கிற புள்ள, யோசிச்சுக்க."

யோசித்தேன். தொப்புளை விரலால் அடைத்துக்கொண்டு அரைமணி நேரம் கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். எழுந்தபோது முடிவோடு எழுந்தேன்: சாகும்வரை பக்கட் சாமான் தொடுவதில்லை.

மறுநாள் அப்பா வந்தார். "மகன், இன்னைக்குக் கோழி ருசி உள்ளது!"

"வேணாம்ப்பா."

"ரெண்டே வாய்டா. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

"ஒரு வாயும் வேணாம். நீங்களும் திங்காதீங்க, வெடிச்சிருவீங்க!"

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார்: "புள்ளதான் வேணாங்குதே, பொறகு யாருக்கு வாங்குறீங்க?"

ஆனாலும் அப்பா ஒரு வாரம் போராடினார். சொசேஜஸ் வந்தது, சூப் கட்டி வந்தது, விரலில் ஆரஞ்சுச் சாயம் ஒட்டும் ஏதோ ஒரு பொரியல் வந்தது. நான் அசையவில்லை. சொல்லச் சாக்கில்லாமல் அப்பா வாங்குவதையே விட்டார். அவித்த கௌப்பிப் பயறில் தேங்காய்ப்பூ போட்டு அம்மா வைத்தார், தின்றேன். வீட்டில் வேறெதுவும் இல்லாததால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்பாவும் தின்றார்.

என் உயிரை நானே காப்பாற்றிக்கொண்டதாகப் பள்ளியில் பீற்றித் திரிந்தேன். எங்கள் வீட்டில் யாருடைய உயிருக்கு யார் பயந்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மாமாவைச் சொல்லி வரவழைத்தது அம்மா. மூன்று மாதத்தில், கிளினிக்கில் அளந்தபோது, அப்பாவின் பிரஷர் இறங்கியிருந்தது.