ஆக்சிஜன் பக்கம்

மூச்சை அடக்கிக்கொண்டுதான் நூர்நிஷா அந்த அரிசி டின்னைத் திறப்பாள். உள்ளே பஞ்சுக்கு நடுவில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றின் வாயையும் மூடிய தாளில் ஊசியால் குத்திய துளை. அதன் வழியே மெத்தனால் மெல்ல ஆவியாக, அடியில் கோபால்ட் சேர்மம் படிகமாக வளர வேண்டும். தொடக் கூடாது, அசைக்கக் கூடாது. கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுவாள்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையை ஒட்டிய கல்லூரி அது. சீசன் வந்தால் வேன்கள் ஓயாது. லாரி கடந்தால் ஆய்வகத்து மேசையே நடுங்கும். டின்னும் பஞ்சும் அதற்குத்தான். சாரல் ஈரம் ஆகாது என்று சன்னல்களையும் சாத்திவிடுவாள். புழுக்கம் தாங்காமல் மாணவிகள் யாராவது விசிறி சுவிட்சுக்குக் கை நீட்டினால், "ஏட்டி, அதத் தொடாத. காத்து வேணும்னா வெளிய போயி நில்லு" என்பாள்.

வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கணவர் முகம்மது ரபீக் மஸ்கட்டில். அவள் இங்கே தற்காலிக விரிவுரையாளர். பேராசிரியர் கோமதிசங்கரிடம் முனைவர் பட்ட ஆய்வும் செய்கிறாள். கோபால்ட் வேதியியலை அவள் கற்றதே அவரிடம்தான்.

அந்தச் சேர்மத்தில் அமைடு மூலக்கூறு கோபால்ட்டைப் பிடிக்க இரண்டு இடம் உண்டு: நைட்ரஜன், ஆக்சிஜன். நைட்ரஜன்தான் பிடிக்கிறது என்று கோமதிசங்கர் முன்பு ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அப்போது அவரிடம் இருந்தது வெறும் தூள்; எது பிடித்திருக்கிறது என்று அதில் நேராகப் பார்க்க முடியாது. படிகம் வாய்த்தது நூர்நிஷாவுக்கு. வெளியூருக்கு அனுப்பி எக்ஸ்கதிர் ஆய்வு செய்தபோது, பிடித்திருந்தது ஆக்சிஜன்.

உன் படிகம் வேறு, என் தூள் வேறு என்றார் அவர். அவர் பீரோவில் கிடந்த பழைய தூளையே கேட்டு வாங்கிச் சோதித்தாள். இரண்டும் ஒன்றாகவே பொருந்தின. அதன் பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆய்வேட்டுல அந்த ஒரு அத்தியாயத்த விட்டுரும்மா. மத்ததுக்கே பட்டம் கெடச்சிரும்."

கையெழுத்துப் போட வேண்டியவர் அவர், வேலையும் அவர் தயவு, எதற்கு வம்பு என்று ரபீக் போனில் கேட்டார்.

"வம்பு இல்ல மச்சான். நாளைக்கு எவளாச்சும் அந்தக் கட்டுரைய நம்பி வருசக்கணக்கா மாரடிப்பா. தெரிஞ்சுக்கிட்டே எப்பிடி மறைக்க?"

பார்த்துக்கொள் என்று ரபீக் போனை வைத்துவிட்டார்.

ஆய்வுக் குழு கூடிய அன்று, மற்ற அத்தியாயங்கள் முடிந்ததும் கோமதிசங்கர் போதும் என்று எழுந்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணரும் பேனாவை மூடினார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு சார்" என்றாள் நூர்நிஷா.

திரையில் படிகத்தின் உள்ளமைப்பு வந்தது: நடுவே கோபால்ட், அதைப் பிடித்தபடி சிவப்பு நிறத்தில் ஆக்சிஜன். நிபுணர் முன்னால் சாய்ந்து பார்த்தார்.

"அத எடுத்துரும்மா" என்றார் கோமதிசங்கர். குரலை உயர்த்தவில்லை.

அவள் மேசை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் அடுத்த படத்துக்கான பொத்தானை அழுத்தினாள். அதுவும் அதே படம்தான். இம்முறை கோபால்ட்டும் ஆக்சிஜனும் மட்டும், சுவர் நிறைய.

பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.