சைடுகாரில் நான் இருந்தால் வண்டி ஆடாது

பொழிச்சலூர் பக்கம் மழைத் தண்ணீர் தேங்கிய சாலையில் அப்பா மோட்டார் சைக்கிளோடு விழுந்து இடது கணுக்காலை உடைத்துக்கொண்டபோது நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கட்டுப் பிரித்த பிறகும், வண்டி நிற்கும்போது அதன் பாரத்தை அந்தக் கால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி ஆபீசுக்கு ஆட்டோவா, பஸ்ஸா என்று அம்மா யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில், அப்பா எங்கிருந்தோ பழைய சைடுகார் ஒன்றைப் பிடித்து, வண்டியின் இடப்பக்கம் மாட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். மூன்று சக்கரம் இருப்பதால் காலே ஊன்ற வேண்டாமாம். அஸ்தினாபுரத்தில் எங்கள் தெரு முழுக்க வந்து பார்த்தது. காய்கறி விற்கிறவர் மட்டும், சார் புதுசாக என்ன வியாபாரம் தொடங்குகிறார் என்று அம்மாவிடம் விசாரித்தார்.

வண்டி முதல் நாளிலிருந்தே தகராறு செய்தது. வேகம் முப்பதைத் தொட்டால் ஹேண்டில்பார், நனைந்த நாய் உடம்பை உதறுவதுபோல உதறும். சைடுகாரின் டயர் இரண்டே மாதத்தில் வெளி ஓரம் மட்டும் வழித்துவிட்டாற்போல் தேய்ந்துபோனது. உள் ஓரம் மாட்டிய நாள்போலவே இருந்தது.

"டயர் சரியில்ல சார். புச்சா ஒண்ணு போட்டா ஆட்டம் நின்னுரும்," என்றார் மெக்கானிக்.

புதிதாகப் போட்டதும் அதே ஓரம்தான் தேய்ந்தது. இன்னொரு மெக்கானிக் பேரிங்கை மாற்றினார். அதற்குப் பிறகும் ஆட்டம் நிற்கவில்லை.

மருந்தைக் கண்டுபிடித்தது நான். ஒருநாள் காலையில் பள்ளி வேனைத் தவறவிட்டேன். என் பள்ளி தாம்பரத்தில், அப்பாவின் ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. வேறு வழியில்லாமல் அப்பா என்னைச் சைடுகாரில் ஏற்றிக்கொண்டார். ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி சாதுவாகப் போனது. மறுநாள் நான் இல்லாமல் போனார், ஆடியது. அதற்கடுத்த நாள் நான் ஏறினேன், ஆடவில்லை. அன்றோடு வேன் நின்றது. எனக்கென்று ஒரு சிவப்பு ஹெல்மெட் வந்தது. சிக்னலில் பஸ் ஜன்னல்களிலிருந்து எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். என்னிடம் ஏதோ சக்தி இருக்கிறது என்று வகுப்பில் சொல்லிவைத்தேன். சிலர் நம்பவும் செய்தார்கள்.

அம்மா நம்பவில்லை. அவர் பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இவ வெயிட்டுக்கு ஒரு மணல் மூட்டை வச்சாலும் ஆடாது," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆனா மணல் மூட்டை பேசாதில்ல," என்றார் அப்பா.

"வண்டில கோளாறு இருந்தா அதைப் பார்க்கணும். குழந்தையை உக்கார வைக்கிறதா ரிப்பேர்?"

ஒரு சனிக்கிழமை காலையில் அம்மாவே முந்தானையைச் செருகிக்கொண்டு சைடுகார் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்து டயரின் மேல் குறுக்காகத் தடவச் சொன்னார். ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கியது. எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பம்போல் கீறியது. டயர் உருளவில்லை, சாலையில் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே போகிறது என்றார். பிறகு வீட்டிலேயே நேரான நீளமான பொருள் எது என்று தேடி, கட்டிலைக் கழற்றி அதன் பக்கச் சட்டங்கள் இரண்டையும் தூக்கி வந்தார். மெத்தை தரைக்கு இறங்கியது.

மோட்டார் சைக்கிளின் இரண்டு சக்கரங்களையும் ஒட்டி ஒரு சட்டம், சைடுகார் சக்கரத்தை ஒட்டி இன்னொரு சட்டம். இரண்டுக்கும் நடுவே முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று அளக்க வேண்டும். முன்பக்கம் ஒரு விரல் அளவு குறுகியிருந்தால் போதுமாம். எங்கள் வண்டியில் நாலு விரல் குறுகியிருந்தது.

"பெரிய வண்டி நேராப் போகப் பாக்குது. இந்தச் சக்கரம் அதுமேல போய் மோதப் பாக்குது. அப்புறம் ஆடாம என்ன செய்யும்?" என்றார் அம்மா.

அப்பா போல்ட்டுகளைத் தளர்த்தி, சைடுகாரைக் கொஞ்சம் திருப்பினார். மறுபடி அளந்தோம். டேப்பின் ஒரு முனை என் கையில் இருந்தது. வண்டி சரியானால் திங்கள்கிழமையிலிருந்து பழையபடி வேன்தான், வேன்காரரிடமும் சொல்லியாகிவிட்டது என்று அம்மா அப்போதுதான் சொன்னார். நான் முனையை ஒரு விரல் அளவு உள்ளே தள்ளிப் பிடித்தேன். யாரும் கவனிக்கவில்லை. போல்ட்டுகளை முடுக்கிவிட்டோம்.

மறுநாள் சாயங்காலம் அப்பா தனியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"நல்லா கொறஞ்சிருக்கு. ஆனா காலியா போனா இன்னும் கொஞ்சம் ஆடத்தான் செய்யுது," என்றார்.

அம்மா அவரையே சிறிது நேரம் பார்த்தார். சண்டை வரும் என்று நினைத்தேன். அம்மா உள்ளே போய் வேன்காரருக்கு போன் செய்து, "அண்ணா, பாப்பா அவங்க அப்பாகூடவே வந்துருவா, வேன் வேணாம்," என்றார். நான் தரையில் கிடந்த மெத்தையில் விழுந்து புரண்டேன்.

எட்டாம் வகுப்புவரை அந்தச் சைடுகாரில் போனேன். என் தில்லுமுல்லு பலித்துவிட்ட பெருமையும், அம்மாவின் கணக்கை நானே கெடுத்துவிட்ட குற்றவுணர்வும் கூடவே வந்தன. கல்லூரி விடுமுறையில் ஒருநாள் அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன்.

அம்மா சிரித்தார். நான் டேப்பைத் தள்ளியது அவருக்கு அப்போதே தெரியுமாம். நான் சாப்பிடப் போன பிறகு மறுபடி அளந்து சரிசெய்திருக்கிறார். அன்று மதியம் நான் தூங்கியதும் காலி சைடுகாரோடு பொழிச்சலூர்வரை தானே ஓட்டிப் போய்த் திரும்பியும் இருக்கிறார்.

"ஐம்பதுல போனேன். ஒரு சின்ன உதறல்கூட இல்ல," என்றார்.

ஜி.எஸ்.டி. சாலையில் பின்னாலிருந்து லாரி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் அப்பாவின் முகம் வெளுக்கும்; உடனே என் பக்கம் குனிந்து, இன்று என்ன பாடம், யார் அடி வாங்கினார்கள் என்று ஏதாவது கேட்பார். நான் கத்திக் கத்திச் சொல்வேன். பதிலைப் பாதி கேட்டதுமே அவர் முகம் தெளிந்துவிடும். என் பேச்சு அவ்வளவு சுவாரசியமானது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.